வாப்பாவின் மூன்றுமுள் தூண்டில்

ரங்கூன், லத்தா
9 ஆகஸ்ட் 1926, திங்கள் இரவு

அன்புள்ள பாரி காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். மா தின் மதினியிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். வாப்பாவும் உம்மாவும் படுத்த பிறகு, விளக்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, தரையில் குப்புறப் படுத்து எழுதுகிறேன்.

அலோன் படித்துறையில் சட்டையையும் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு, மா தின் மதினியோடு நீங்கள் மோல்மேனுக்குப் போன நாள் முதல், உங்களை ஆறு கொண்டுபோய்விட்டதாகத்தான் இங்கே எல்லாரும் நம்புகிறார்கள். உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி வருகிறேன். ஆனால் வாப்பா உங்களுக்காக ஜனாஸா தொழுகை நடத்த விடவில்லை. "ஒரு எலும்பாவது கெடைக்கட்டும். அடக்கம் பண்ணாம எம் புள்ளைக்குத் தொழ மாட்டேன்" என்கிறார். உடலைச் சுற்றக் கஃபன் துணி வாங்கித் தலைமாட்டில் வைத்திருக்கிறார். ஆற்றில் விழுந்தவர்களை வாளை மீன் தின்றுவிடும் என்று ஒரு சம்பான் படகுக்காரன் சொல்லிவிட்டான்.

நம் கயிற்றுக்கடையில் ஒரு தூண்டில் பெட்டி கிடந்ததே, ஒரு துரை சீமையிலிருந்து வரவழைத்துவிட்டு எடுத்துக்கொள்ளாமலே ஊருக்குப் போனாரே, அதை வாப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். சீமைக் குளங்களில் வாழும் பைக் என்ற மீனுக்காகச் செய்தது. உள்ளே இருந்த இங்கிலீஷ் தாளை நான்தான் படித்துச் சொன்னேன், காக்கா. பைக்குக்கு வாத்து அலகு போல நீண்ட வாய். உள்ளே வரிசை வரிசையாகப் பல். வெறும் நூலை அறுத்துவிடுமாம். அதனால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி கட்ட வேண்டும்.

"நம்ம வாளை மாதிரியேதான். அப்பறம்?" என்றார்.

"சின்ன மீனை உசுரோட மூணுமுள்ளுல கோக்கணும் வாப்பா. கவ்வினதும் இழுக்கக் கூடாதாம். ஓட விடணும். ஒரு எடத்துல நின்னு, இரையத் திருப்பி விழுங்குமாம். அப்பத்தான் சுண்டி இழுக்கணும்."

"விழுங்குற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டார்.

மாலையில் அஸர் தொழுதுவிட்டுத் தினமும் அலோனுக்குப் போகிறார். பிடித்த வாளையைப் படியிலேயே வயிறு கீறிப் பார்த்துவிட்டு ஆற்றில் எறிகிறார். உம்மாவின் தம்பி பர்கத்துல்லா மாமா ஒருநாள், "என்ன மச்சான், மீனுக்கு வைத்தியம் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று சிரித்தார். வாப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து மாமாதான் பக்கத்தில் லாந்தர் பிடிக்கிறார்.

நம் வீட்டில் இப்போது மீன் ஆக்குவதில்லை. கதவு அசைந்தால் உம்மா "பாரியா?" என்கிறார்.

வாப்பாவுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். எனக்கு என் தோழி நீலாம்பாள் வீட்டு முகவரிக்கு எழுதினால் பள்ளிக்கூடத்தில் தந்துவிடுவாள்.

உங்கள் தங்கை,
மைமூன்


மோல்மேன்
20 ஆகஸ்ட் 1926

என் கண்ணான மைமூனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். மர ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. மதினி உனக்கு ஒரு சீப்பு வாங்கி வைத்திருக்கிறாள், தந்தம்.

வாப்பா கடைசியாக என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. "புத்தர் பகோடாவுல பூ வைக்கிறவளக் கட்டுறதுக்கு நீ மவுத்தாப் போ" என்றார். போய்விட்டேன். உயிரோடு இருப்பவனை ஏசுவதைவிடச் செத்தவனுக்காக அழுவது அவருக்கு மரியாதை. மழைக்காலம் முடிந்தால் தூண்டிலைக் கீழே வைத்துவிடுவார். நீ வாயைத் திறக்காதே. திறந்தால் எனக்குக் கடிதமும் எழுதாதே.

பாரி


ரங்கூன்
2 செப்டம்பர் 1926, வியாழன் இரவு

காக்காவுக்கு,

ஸலாம். இன்று மாலை வாப்பா ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு வாளையைப் பிடித்தார். கம்பி உள்ளங்கையை அறுத்தும் விடவில்லையாம். அதன் வயிற்றில் ஒரு விரல் எலும்பு இருந்தது. மனித விரல்.

வாப்பா அதைப் பன்னீரில் கழுவினார். இத்தனை நாளில் இன்றுதான் அவர் முகம் தெளிந்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை ஜும்மா தொழுகைக்குப் பிறகு உங்கள் பெயரில் அடக்கம்.

உம்மா அந்த எலும்பைத் தடவிப் பார்த்தார். "சின்னப் புள்ளையில கதவுல நசுங்குன வெரலு. இதேதான்" என்றார். நானும் பார்த்தேன். அப்படித்தான் வளைந்திருக்கிறது, காக்கா. உங்கள் கடிதத்தை எடுத்து, உங்கள் எழுத்துதானா என்று மூன்று முறை பார்த்தேன். எழுதிப் பதின்மூன்று நாளாகிறது. பதின்மூன்று நாளில் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்களா?

அந்த விரல் இப்போது அடுத்த அறையில் கஃபனுக்குள் இருக்கிறது. யாருடைய பிள்ளையோ. எந்த வீட்டில் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுகிறார்களோ. நாளை அவருக்கு உங்கள் பெயரை வைத்துவிடுவார்கள். அதன்பிறகு நீங்கள் வாசலில் வந்து நின்றாலும், உம்மா பேயென்று நினைத்து, ஆயத்துல் குர்ஸி ஓதி உங்களை விரட்டுவார்.

அதனால் விடிவதற்குள் வாப்பாவிடம் சொல்லிவிடப் போகிறேன். நீங்கள் எனக்கு இனி எழுதாவிட்டாலும் சரி. எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. இரண்டு முறை எழுந்து கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன்.

கதவைத் தட்டுகிறார்கள்.

"மைமூன், வெளக்கு எரியுதே. தூக்கம் வரலையாம்மா?"

வாப்பாதான். உங்கள் கடிதமும் இதுவும் பாயின் மேலேயே கிடக்கின்றன. ஒளித்து வைக்கவில்லை, காக்கா. அவரே படித்துக்கொள்ளட்டும். கதவைத் திறக்கிறேன்.