அம்மாவின் அஞ்சாம் மாசமும் ஒரு தட்டு அன்னாசியும்

புதுப்பட்டினம்,
ஞாயிறு

அன்புள்ள சுஷ்மிதா அக்காவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல அம்சா எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், டிபன் கடை கிரைண்டர் எல்லாரும் நலம். அங்கே புனேயில் நீயும் மாமாவும் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். போனில் கேட்டால் சாப்ட்டேம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதாம். நீ சாப்பிடுவதில்லை என்று மாமாதான் சொன்னார், அவரோடு சண்டை போடாதே.

உனக்கு எதெல்லாம் ஆகாது என்று அம்மா தெருவெல்லாம் கேட்டு என்னைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத வைத்தாளே, கத்தரிக்காய், எள், பப்பாளி, நண்டு, கடைசியில் பூவாயி அத்தை வந்து தயிரையும் சேர்த்தாள். மிஞ்சியது சோறும் வெந்நீரும். அதைப் போனில் உனக்குப் படித்துக் காட்டிய பாவி நான்தான், நீ அதையே பிடித்துக்கொண்டாய். கடைக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் நான், ஆனாலும் செவ்வாய்க்கிழமை அந்தத் தாளோடு அம்மாவையும் இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். தெரியாமல் கர்ப்பிணிகள் வரிசையில் நின்றுவிட்டோம். நர்ஸம்மா தலை நிமிராமல் எத்தினியாவது மாசம் என்று கேட்டார், அம்மா படபடப்பில் அஞ்சு என்றாள். தூக்கம் வருதா? எங்கேம்மா வருது. சாப்பாடு? ஒண்ணும் எறங்கமாட்டேங்குது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவை எடை பார்த்து, கையில் பிரஷர் பட்டை சுற்றி, பிறகுதான் முகத்தைப் பார்த்து, இந்த வயசுல இன்னாம்மா இது என்று நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றினார். வரிசையே சிரித்தது. அவங்களுக்கு இல்லக்கா, எங்க அக்காவுக்கு, அவ புனேல கீறா என்று கத்திவிட்டேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

தாளைப் படித்துவிட்டு, இதெல்லாம் வுட்டா அந்தப் பொண்ணு இன்னாத்த துன்னும், காத்தையா என்றார். பப்பாளிக்காயை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்துவிட்டார். கீரை, முட்டை, பருப்பு, நன்றாக வெந்த மீன், கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளையானாலும் சரி. பயம், அழுகை, தூக்கமில்லாதது எல்லாவற்றையும் உன் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லணுமாம். பிரஷர் அம்மாவுக்குத்தான் ஏறியிருந்தது, உனக்காக மூன்று கோயிலுக்கு விரதம் இருப்பதை அங்கேதான் ஒத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அம்மா ஒன்று கேட்டாள். போன தடவை ரெண்டாம் மாசத்தில் மாமல்லபுரம் கடற்கரையில் நீ மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி ஒரு தட்டு தின்றாய், அடுத்த வாரமே கலைந்துவிட்டது, அதனாலா என்று. யார் வாங்கிக் கொடுத்தது என்று சொல்லவில்லை. நர்ஸம்மா அம்மாவின் கையைப் பிடித்து, ஒரு தட்டு அன்னாசியால கலையாதும்மா, அவ்ளோ ஆரம்பத்துல கலையறது பெரும்பாலும் கரு சரியா உருவாகாததால, துன்னவ மேலயும் தப்பில்ல, வாங்கிக் குடுத்தவ மேலயும் தப்பில்ல என்றார். இந்த இடத்தை எழுதச் சொன்னதும் அம்மாதான், உடனே அடித்துவிடச் சொன்னதும் அம்மாதான்.

நேற்று வண்டிக்காரரிடம் அன்னாசி வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் துண்டை மென்றாள். விக்கல்தான் வந்தது. அப்புறம் எனக்கு ஒரு துண்டுகூட வைக்கவில்லை.

இதைக் கொண்டுவரும் கல்பாக்கம் ரவிச்சந்திரன் சாரிடம் எள்ளுருண்டை இருக்கிறது. அவர் கண்ணெதிரே ஒன்று தின்ன வேண்டும், பார்த்துவிட்டு வந்து சொல்வதாக அம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பாவம், பயந்த மனுஷன். நீயும் பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். டாக்டரிடம் சொல்ல மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா ஜெகதாம்பாள்
எழுதிய கை அம்சா

பின்குறிப்பு: அன்னாசி வரியை அடிச்சிட்டியாடி என்று இப்போதும் கேட்கிறாள். ஆச்சும்மா என்று சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. நீ படிக்கத்தான் வைத்திருக்கிறேன்.