எது தண்ணீர், எது குழந்தை

மார்ச் 3, திங்கள்

காலையில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் மக்கர். டயாலிசிஸ் முதல் ஷிப்ட் தாமதம். அத்தனை பேஷண்ட்டும் என்னை முறைத்தார்கள், நானே தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்ட மாதிரி. ரேடியோ மாமா மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். பெயர் வைத்தது நான்தான். ஊசி குத்தும்போதுகூட நிறுத்தமாட்டார்.

டீச்சருக்கு மறுபடி ரத்தம் குறைந்திருக்கிறது. ஊசி மருந்தைக் கூட்டியும் ஏறவில்லை. மூன்று வருடமாக வாரம் மூன்று நாள் வருகிறாள். மெஷினில் போட்டுக்கொண்டே விடைத்தாள் திருத்துவாள். இன்று பேனாவையே எடுக்கவில்லை.

"வயிறு கனமா இருக்கு சிஸ்டர். வாந்தி வேற."

"தண்ணி நிறையக் குடிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல."

எல்லோரும் சொல்லும் சத்தியம்தான். எடை கூடியிருக்கிறதே. எங்களிடம் வருகிறவர்களுக்கு ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறும் எடையெல்லாம் தண்ணீர். சிறுநீரகம் வெளியேற்றாததை நான்கு மணி நேரத்தில் நாங்கள் இழுத்துவிடுவோம். டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 5

ஸ்கேன் அறைக்கு அவளோடு நானும் போனேன். கட்டியாக இருக்குமோ என்று பயம். ஸ்கேன் டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

ஒரு இதயம். துடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று மாதம் தாண்டிவிட்டதாம்.

எந்த ரத்தத்தில்? ஒவ்வொரு முறையும் நான் வெளியே எடுத்து, கழுவி, திருப்பி அனுப்புகிற ரத்தத்தில். இரண்டு நாள் விட்டால் விஷமாகிவிடும் ரத்தத்தில். இத்தனை நாள் நான் டயாலிசிஸ் போட்டது இரண்டு பேருக்கா?

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். சொன்னதும் கிரீஸ் கையோடு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவளுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

டாக்டரைக் கூப்பிடப் போனேன்.

மார்ச் 7

எங்கள் டாக்டர் பூசி மெழுகவில்லை. "கலைச்சிடறதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. வெச்சுக்கணும்னா வாரத்துல ஆறு நாள் டயாலிசிஸ் போடணும். அப்பவும் ரெண்டு பேரையும் காப்பாத்திடுவேன்னு நான் சொல்லமாட்டேன்."

டீச்சர் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "நீ இருந்தாப் போதும் எனக்கு" என்றார்.

"எனக்கு ரெண்டும் வேணுமே" என்றாள் அவள். பிறகு டாக்டரிடம், "ஆறு நாள்தானே சார், ஞாயித்துக்கிழமை லீவு உண்டுல்ல? ஸ்கூல் மாதிரிதான்" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. என்னிடம் தனியாகக் கேட்டார்: "மெஷின் எங்கம்மா இருக்கு?"

இல்லை. ஒன்றுகூடக் காலி இல்லை.

மார்ச் 10

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் டயாலிசிஸ் அறையில் ரகசியம் நிற்குமா?

ரேடியோ மாமா ஊசி குத்த கையை நீட்டியபடியே சொன்னார்: "என் காலை நேரத்துக்குச் செவ்வாய், வியாழன், சனி ஆள் யாரையாவது மாத்திட்டு, அவங்க இடத்தை அந்தப் பொண்ணுக்குக் கொடுத்துடுங்க. நான் மத்தியானம் வரேன். எனக்கென்ன, ஆபீசுக்கா போகணும்?" அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். மத்தியானக்காரர்களில் ஒருவர் சாயங்காலத்துக்கு மாறினார். அவர்களே பேசி முடித்துவிட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஊசி போட்டால் சண்டைக்கு வரும் கூட்டம் இது. டிவி சத்தத்துக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம். மத்தியான ஷிப்ட் முடிந்து வீடு போய்ச் சேர்வதற்குள் அவர்கள் உடம்பு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

ஷிப்ட் அட்டவணையை எடுத்து நேரங்களை மாற்றி எழுதினேன்.

ஏப்ரல் 9

தினமும் இதே கேள்வி. அவள் எடை மெஷினில் ஏறுகிறாள். எண் கூடியிருக்கிறது. அதில் எது தண்ணீர், எது குழந்தை?

இந்த வேலைக்கு வந்து எத்தனையோ ஆயிரம் பேரை எடை பார்த்திருப்பேன். ஏறும் எடை நல்லது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போது கால் வீக்கத்தை அழுத்திப் பார்க்கிறேன், பிரஷர் பார்க்கிறேன், மூச்சைக் கேட்கிறேன். அதிகம் இழுத்தால் பிள்ளைக்கு ரத்தம் போகாது. குறைவாக இழுத்தால் தாயின் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். டாக்டரும் என்னோடு எடை மெஷின் முன் நிற்கிறார். "நானும் இப்பதாம்மா கத்துக்கறேன்" என்றார்.

மே 2

இன்று உதைத்தது. டியூப்தான் ஆடுகிறது என்று நினைத்துப் பிடிக்கப் போனேன்.

மே 23, வெள்ளி



மூன்றாவது மணி நேரம். "சிஸ்டர், கண்ண இருட்டுது" என்றாள். பிரஷர் விழுந்துவிட்டது. நீர் இழுப்பதை நிறுத்தினேன், கால் பக்கத்தை உயர்த்தினேன், சலைன் விட்டேன், இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். அவளுக்கு நிறம் திரும்பியது. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "அசையல" என்றாள்.

நான் கூடுதலா எடுத்துட்டேனா? காலையில கால் வீங்கித்தானே இருந்துச்சு? டாக்டர் சொன்ன அளவுதானே வெச்சேன்? ஐயோ, நானா?

பிரசவ வார்டிலிருந்து பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியோடு ஒரு சிஸ்டர் ஓடி வந்தார். வயிற்றில் ஒரு இடம் வைத்தார், இன்னொரு இடம், இன்னொன்று. வெறும் இரைச்சல். யாரோ டிவியை அணைத்தார்கள். மத்தியான ஷிப்டுக்கு வந்து வாசலில் காத்திருந்த ரேடியோ மாமா வாயைத் திறக்கவில்லை.

பிறகு கேட்டது. வேகமாக, விடாமல், எங்கள் பம்பு சுற்றுவதையெல்லாம் தோற்கடிக்கிற வேகத்தில். அறை முழுக்கக் கேட்டது. கையில் ஊசியோடு படுத்திருந்த அத்தனை பேரும் கூரையைப் பார்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்த எந்தப் பிரார்த்தனையும் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

ஜூன் 12

வீட்டில் என்னவர்: "சாப்பாட்டுல உப்பே இல்ல. நான் உன் பேஷண்ட் இல்லம்மா, எனக்குக் கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு." உப்பு போட மறந்திருக்கிறேன். தினமும் மறக்கிறேன் போல.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் டயாலிசிஸ் முடித்தாள். மத்தியானம் பிரஷர் ஏறியது, இறங்கவே இல்லை. இனி காத்திருக்க முடியாது என்று ஆபரேஷன்.

வெளியே நானும் லிப்ட் மெக்கானிக்கும். அவர் ஆஸ்பத்திரி லிப்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "அந்தக் கதவு ரோலர் தேஞ்சிருக்கு சிஸ்டர்" என்றார். ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டுமே.

பெண். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழுதாளாம்.

தாயும் பிழைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

டீச்சர் மறுபடி வாரம் மூன்று நாள்தான். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்கள்; எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்று மெஷினில் போடுவதற்கு முன்னால், "வாங்க சிஸ்டர், ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்" என்று என்னைக் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போனாள்.

குழந்தைகள் வார்டில் கை கழுவ வைத்து, பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை. முகம் அப்படியே அப்பா. டீச்சர் துணி மாற்ற டயப்பரைப் பிரித்தாள். பிரித்த கணமே பிள்ளை என் முழங்கை வரை நனைத்துவிட்டாள். வெதுவெதுப்பாக, நிற்காமல்.

டீச்சர் கையில் புது டயப்பரோடு அப்படியே நின்றாள். அவளுக்குச் சிறுநீர் நின்றுபோய் மூன்று வருடம் ஆகிறது. அவளுக்காக ஒரு பெரிய மெஷினும், ஒரு தொட்டித் தண்ணீரும், நானும் அரை நாள் செய்கிற வேலையை, என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத இரண்டு சிறுநீரகங்கள் தூக்கத்திலேயே செய்து முடித்துவிட்டன.

"தானா வருது சிஸ்டர்" என்றாள் மெல்ல. "பாருங்களேன். தானா வருது."

துடைக்கத் துணியை எடுத்தாள். இருக்கட்டும் என்றேன்.