புது செட்டும் ஹவில்தார் சவரிமுத்துவும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
18-11-1971

அன்பு மகன் குமாரசாமிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். மழை விட்டபாடில்லை. கிழக்கு எல்லையில் சண்டை வரும் என்று ரேடியோ சொல்கிறது. உன் கடிதம் நேற்றுதான் வந்தது.

வரிக்கு வரி உனக்குப் பயிற்சி தரும் ஹவில்தார் சவரிமுத்துதான். அவரைப்போல் விளக்க யாராலும் முடியாது என்கிறாய். இட்லியை வெட்டி உனக்குப் பின்னக் கணக்கு விளக்கியவன் நான். சரி, போகட்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த புது வயர்லெஸ் செட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அத்தனை குமிழும் விளக்கும் எதற்கு? எதிர்வீட்டு மயில்வாகனம் தறியில் ஜக்கார்டு பெட்டி மாட்டினான். அட்டையில் குத்திய ஓட்டைகளை வைத்து அது தானே பூப்போடும். இந்த மழையில் அட்டை ஊறி உப்பிவிட்டது. முகூர்த்தச் சேலை பாதியில் நிற்கிறது. "பழைய மாதிரி கையால கட்டுற நூலா இருந்தா நானே முடிஞ்சி ஓட்டியிருப்பேன் வாத்தியாரே. இவரு அட்டைய அடுப்பாண்ட வச்சி அப்பளம் மாதிரி காயவச்சிக்கினு இருக்காரு" என்கிறாள் அவன் மனைவி ஏலவார்குழலி. சேலை நின்றால் கல்யாண வீட்டார் திட்டுவார்கள். எல்லையில் செட் நின்றால்? செட்டை வாங்குகிறவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். சேற்றில் சுமப்பவன் நீ.

இதை உனக்கு எடுத்துச் சொல்ல நினைத்துக்கொண்டே உன் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். சவரிமுத்து தினமும் செட்டை அணைக்கச் சொல்லி, டெலிபோன் கம்பி இழுக்கவும் கொடியசைத்துச் செய்தி சொல்லவும் பழக்குகிறாராம். "செட்டு செத்தாலும் நீ சாகக் கூடாதுலே" என்றாராம். அதையும் என்னை முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். எரிச்சலாக வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தைத் தாண்டிப் போனேன். "இன்னாத்த முழுங்குறீங்க? படிங்க" என்றாள். படித்தேன்.

உடனே குடையோடு காமாட்சியம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நானும் போனேன். உன் பெயருக்கு அர்ச்சனை முடிந்ததும் அவர் பெயருக்கும் செய்யச் சொன்னாள். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர் ஆயிற்றே என்றேன். "அம்மனுக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்க" என்றாள். அர்ச்சகர் அவருக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் உன் நட்சத்திரத்தையே சொன்னேன்.

இதை அவரிடம் சொல்லவேண்டாம், தப்பாக நினைக்கப் போகிறார். மேலிடம் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் கொடுக்கட்டும். நீ அவரை விட்டு விலகாதே. என்னிடம் கேட்க வைத்திருந்த சந்தேகங்களையும் அவரிடமே கேள். அம்மன் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அப்பா,
துரைக்கண்ணு