கை எட்டாத பக்கம்

ஸ்ரீரங்கம்

கண்ணு,

அப்பாவைப் பார்த்துக்க நீ ஏற்பாடு பண்ணின நர்ஸ் சுஜாவை இன்னிக்கு அவர் அடிச்சுட்டார். சுகர் பார்க்க விரல்ல குத்தினதும், பக்கவாதம் விட்டுவெச்ச இடது கையால ஓங்கி அறைஞ்சார். காந்தி மார்க்கெட்ல மூட்டை தூக்கின கை. அவ உதடு கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். மறுபடி ஓங்கினப்போ மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுட்டா. அவர் அடங்கிட்டார்.

"எப்பலேருந்து இப்படி அடிக்கிறார்ம்மா?"னு கேட்டா. "நோய் வந்ததுலேருந்துதான்"னேன். அவ என் நெத்தித் தழும்பையே பார்த்தா.

"ஏன் எப்பவும் அவருக்கு இடது பக்கமே நிக்கிறீங்க?"

தாலி கட்டினதும் என்னை உக்காரவெச்ச பக்கம் அது. கஞ்சி ஊட்டவும் அங்கேயேதான் போறேன்.

"வலது பக்கம் நில்லுங்கம்மா. அங்க கை எட்டாது."

இந்த வீட்டுல அப்படி ஒரு இடம் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நீ வந்தா ரெண்டு பேரும் அங்கேயே நிக்கலாம்.

உன் அம்மா