ஓடைக்கு மேலே ஒரு முகாம்

அன்புள்ள அக்காவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ உதட்டைச் சுழிப்பது தெரிகிறது, மன்னித்துக்கொள். உன் நிவாரண அமைப்பைப் பற்றி அம்மா வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது. அம்மா சொல்கிறாள், நான் எழுதுகிறேன். அவள் சொல்வதில் பாதியைத் தபாலில் அனுப்ப முடியாது என்பதால் கொஞ்சம் அலசிப் பிழிந்துதான் எழுதுகிறேன். இங்கே நாங்கள் எழுந்து நடமாடுகிறோம், வயிறும் எங்கள் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும் என்கிறாள்.

அம்மாவுக்குக் காலரா முழுக்கக் குணமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்த கட்டிலில் படுத்திருந்த கதையைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நல்ல கட்டில் ஒன்று வாங்கித் தரச் சொல்லி அப்பாவை எவ்வளவோ கேட்டாளாம், கடைசியில் ஓட்டைக் கட்டில்தான் வாய்த்ததாம். சிரிக்க வைத்துவிட்டு அவளே அழுதுவிடுவாள், ஏனென்றால் அடுத்த கட்டிலில் இருந்த நம் தெருத் தையல்காரர் மனைவி வீடு திரும்பவில்லை. அதனால் அம்மாவுக்கு ஒன்று தெரிய வேண்டும். அடுத்த வாரம் புதுக் குழாயைத் திறக்க உங்கள் பெரிய அதிகாரி வருகிறாரே, இந்த நோய் உங்கள் முகாமின் கழிவுக்குழியிலிருந்து வந்தது என்று அவர் வாயால் சொல்வாரா மாட்டாரா, விசாரித்து எழுது என்கிறாள்.

நீ வந்து பார்க்காததால் சொல்கிறேன். புயலுக்குப் பிறகு உங்கள் ஆட்கள் தங்க முகாம் போட்டது மேட்டில் இருக்கும் பள்ளி மைதானத்தில். அதன் காலடியில் ஓடை, ஓடைக்குக் கீழே நம் தெரு. கக்கூஸ் குழியையும் ஓடைப் பக்கமாகவே வெட்டினார்கள், அடுத்த மழைக்கு அது நிரம்பி இறங்கியது, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. முதலில் வந்தது நாற்றம், பிறகு பேதி, அதற்கும் பிறகுதான் உங்கள் ஆட்கள் தெருவுக்கு இறங்கி வந்தார்கள். முகாமில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் என்னோடு முதலில் அனுப்பியது ஒரு டாக்டரை, அவர் ஆளுயர சோப்பு மாதிரி உடை போட்டுக்கொண்டு தெருமுனையில் ஆடினார். சாப்பிடுவதற்கு முன் கை கழுவுங்கள் என்று சோப்பு சொன்னதை நான் தமிழில் சொன்னேன். தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, “எந்தத் தண்ணியில கழுவுறதுன்னு அந்த சோப்பையே கேட்டுச் சொல்லும்மா” என்றார். கேட்டேன். தண்ணீர் வேறு பிரிவு என்றது சோப்பு.

அந்த வேறு பிரிவிலிருந்தும் ஒருவர் வந்தார். முகாமுக்குக் கீழே ஒரே சேறு, அவர் போட்டிருந்ததோ புது ஷூ, ஆகவே முகாமுக்கு மேல்பக்கம், குழி கலப்பதற்கு முன்னால் உள்ள இடத்துக்குப் போய் ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். நான்தான் குடை பிடித்தேன். தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. பேதியாகிறவளை நெற்றியில் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் என்ன வைத்தியம் அது என்று அம்மா கேட்கிறாள். உங்கள் தலைமை அலுவலகம் அதை வைத்து ஓர் அறிக்கை விட்டது, நோய்க்கான மூலத்தை உறுதியாகக் கூற இயலாது, மக்களின் சுகாதாரப் பழக்கக் குறைபாடு காரணமாக இருக்கக்கூடும் என்று. தையல்காரருக்குப் படித்துக் காட்டியது நான். ஊசியைக்கூடக் கழுவித் துடைத்து எடுத்துக் கொடுப்பவள் அவர் மனைவி. உங்கள் ஆட்கள் வைக்கும் குழாயும் வேண்டாம், அவர்கள் சொல்கிற மாதிரி அதில் அவள் பெயரைப் பொறிக்கவும் வேண்டாம் என்கிறார். “என் பொண்டாட்டி கை கழுவாம செத்தான்னு எழுதியிருக்காங்க, முதல்ல அதை அழிக்கச் சொல்லு” என்பதுதான் அவர் பேச்சு. வழக்குப் போடலாம் என்று பார்த்தால் அரசாங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி உங்கள் ஆட்கள் மேல் போடவே முடியாதாம், வக்கீல் கையை விரித்துவிட்டார். பக்கத்து வீட்டுச் சாக்கடை வாசலுக்கு வந்தால் போய்க் கத்துகிறோம், விமானத்தில் வந்தவர்கள் சாக்கடை என்றால் நன்றி சொல்ல வேண்டுமா என்கிறாள் அம்மா. இதை அலசாமல் அப்படியே எழுதச் சொன்னாள்.

நீ நீண்ட ஆயுளோடு, நோய்நொடி அண்டாமல், யாருக்கும் தலைகுனியாமல் இருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் சொல்கிறாள். பாட்டில் தண்ணீர் என்றாலும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டுமாம், சிரிக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா

அக்கா, அம்மா கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போய்விட்டாள், இனி நான் மட்டும். அந்த அறிக்கையை எழுதியது நீ என்று அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன். பெரிய அதிகாரியின் பேச்சையும் நீதான் எழுதுகிறாய் என்று முகாமில் பேசிக்கொண்டார்கள். போன தடவை அவர் தாளில் இருந்த ‘இங்கே சற்று நிறுத்தவும்’ என்பதையும் சேர்த்துப் படித்தார், நானும் அப்படியே மொழிபெயர்த்தேன், எதை நிறுத்துவது என்று தெரியாமல் தெருவே விழித்தது. எழுதிக் கொடுத்ததைப் படித்துவிடுகிற மனுஷர். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவே கதவுக்குப் பின்னால் நிற்பேன். கூட்டத்தில் சொந்தமாக ஒரு வார்த்தை பேச வராது, மற்றவர் சொன்னது என்றால் மைக்கில் எவ்வளவு சத்தமாகவும் சொல்வேன். நோய் எங்கள் முகாமின் குழியிலிருந்துதான் வந்தது, தையல்காரர் மனைவி மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அவர் பேச்சில் எழுதிவிடு. குழாயைத் திறப்பதற்கு முன்னால் வருகிற மாதிரி எழுது. வேலை போனால் நம் இரண்டு பேருக்கும் சேர்ந்தே போகட்டும். எழுதிவிடு, அக்கா.