அப்பாயிக்கு வந்த எஃப்

கம்பளை
08.09.2025

அன்புத் தங்கச்சி பேச்சியம்மாவுக்கு,

முதலில் நம் பேரப்பிள்ளைகளின் சேதி. உன் மகள் போனில் சொல்லியிருப்பாள், என்றாலும் என் கையால் எழுதினால்தான் எனக்கு ஆறும். சின்னவள் சுகிர்தா புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ். நான் படிப்பை விட்ட அதே ஐந்தாம் வகுப்பில் அவள் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறாள். கணேஸுக்குக் கண்டியில் கந்தோர் உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது. மூத்தவள் சர்மிளா, உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்தவள், பேராதனைக் கம்பஸுக்கு எடுபட்டுவிட்டாள். நம் வீட்டுக்கு ஏ வந்திருக்கிறது, பி வந்திருக்கிறது, கணேஸ் புண்ணியத்தில் வெறும் பாஸ் என்கிற ஒரு எஸ் கூட வந்தது. பெயில் என்கிற எஃப் மட்டும் வாசப்படி ஏறியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

கடைசியில் அது எனக்கே வந்துவிட்டது, பார்த்தாயா.

வெள்ளிக்கிழமை பஜனை ஒத்திகையில், உன் மகன் சுரேஸ் கிட்டாருக்கு வைத்திருக்கும் டியூனரைக் கொண்டுவந்து என் வாய்க்கு நேரே பிடித்தாய். பாட்டுக்கு மார்க் போடுகிற சாமான் என்றாய். நான் இழுத்துப் பாடினேன். பச்சை வெளிச்சம் வந்தது. "எஃப் வந்திருச்சுக்கா" என்று அத்தனை பொம்பளைகளுக்கும் முன்னால் சொன்னாய். குரல் நடுங்கியது. எனக்காகத்தான் நடுங்கியது என்று தெரியும். உன்மேல் கோபமில்லை. ஊருக்குச் சம்பந்தி என்றாலும் நமக்குள் அக்கா தங்கச்சிதானே, நீ சொல்லாமல் யார் சொல்வார்?

இந்த நவராத்திரிக்கு முன் வரிசையில் என் இடத்தில் நீயே உட்கார்ந்து அடியெடுத்துக் கொடு. நான் வரவில்லை. வீட்டில் கால்வலி என்று சொல்லிவிட்டேன். அப்பாயிக்கு எஃப் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். போனில் பேசினால் வீடே கேட்கும், அதனால்தான் கடிதம்.

நீ முன்னால் உட்கார்ந்து பாடுகிற படம் ஒன்றைப் புதிதாக எடுத்துக் கழுவித் தபாலில் போடு. பார்க்க ஆசையாக இருக்கிறது.

உன் அக்கா,
அங்கம்மா


கடுகண்ணாவை
04.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் போடாததற்குக் கோபிக்க வேண்டாம். இங்கே ஒரே மழை, மருமகளுக்கும் காய்ச்சல். பஜனை நல்லபடியாக முடிந்தது. கோயிலில் உங்களைக் கேட்டார்கள், கால்வலி என்றேன். வயது போனால் எல்லாருக்கும் குரல் போகத்தான் செய்யும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வருடமும் நானே பாட வேண்டுமாம். பார்க்கலாம் என்றேன்.

கேட்ட படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கடைசி நாள் சுரேஸ் எடுத்தது.

உங்கள் தங்கச்சி,
பேச்சியம்மா


கம்பளை
08.10.2025

பேச்சி,

படம் கிடைத்தது. பட்டுச்சேலை எடுப்பாக இருக்கிறது. சர்மிளா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அம்மாயி எஃப்பிலேயே பாடுகிறார்களா என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் மடிக்கு முன்னால் அந்தச் சாமான், பச்சை வெளிச்சம், அதே எஃப். அம்மாயியும் பெயிலா என்று கேட்டேன்.

"ஐயோ அப்பாயி, அது மார்க் இல்ல, சுருதியோட பேரு. பச்சை வந்தா சரியாப் பாடுறாங்கன்னு அர்த்தம்."

ஏயிலிருந்து ஜி வரை ஏழு எழுத்தும் வருமாம், ஒன்றுக்கொன்று உசத்தி தாழ்த்தி கிடையாதாம். அவள் சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன்.

நீயும் என்னைப் போல எழுத்தைப் பார்த்து ஏமாந்திருக்கலாம். அப்படியென்றால் ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

அக்கா


கடுகண்ணாவை
11.10.2025

அக்கா,

அப்படியே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அது மார்க் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். சுரேஸ் கம்பி முறுக்கும்போது பக்கத்திலேயே இருப்பவள் நான்.

இந்த முறை பஜனையை ரெக்கோட் பண்ணுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் குரல் எதிலும் தனியாகக் கேட்டதில்லை. வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போன வருடம் கேட்டேன். "உனக்கெதுக்குடி முன் வரிசை, பின்னாலயே பாடு" என்று சிரித்தீர்கள். நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள், எழுத்தைக் காட்டினால் கேட்பீர்கள் என்று தோன்றியது.

சர்மிளாவிடம் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை என் முகத்தில் முழிக்காது.

பேச்சி


கம்பளை
14.10.2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நான் சிரித்தது உண்மை. அதற்கு நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். இங்கிலீஷ் எழுத்தில் வந்த கடிதத்தை எல்லாம் உங்களிடம் மட்டும்தான் நீட்டி, இது என்னவென்று கேட்டிருக்கிறேன். வேறு யாரிடமும் கேட்க எனக்கு வெட்கம். அந்த இடம் பார்த்து அடித்துவிட்டீர்கள்.

சர்மிளாவுக்குச் சொல்ல மாட்டேன். பஜனைப் பொம்பளைகளுக்கும் சொல்ல மாட்டேன். உங்கள் மகள் என் வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். அந்தப் பொம்பளைகளுக்கு அங்கம்மா பெயில், அது அப்படியே இருக்கட்டும். முன் வரிசையும் உங்களுக்கே.

தீபாவளிக்கு வழமைபோல வாருங்கள். பலகாரம் சுட்டு வைத்திருப்பேன், பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் வித்தியாசம் காணாதபடி உங்களோடு பேசுவேன். கடிதம் மட்டும் இனி வேண்டாம்.

இப்படிக்கு,
அங்கம்மா
(சர்மிளாவின் அப்பாயி)