பத்திரமா இருக்கச் சொன்னாரு

மரக்காணம்,
ஜூன் 14

அன்புள்ள சந்தியா அப்பாவுக்கு,

அமுதவல்லி எழுதுவது. நீங்கள் மஸ்கட் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் சந்தியாவிடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும். இது அவள் படிக்கக் கூடாதது.

முதலில் என் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடது காது போனது உங்களுக்குத் தெரியும். வலதிலும் இப்போது சீழ் நிற்பதில்லை. கிட்டே வந்து உரக்கச் சொன்னால் கேட்கிறது, போனில் வரும் குரல் கேட்பதில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சீழைப் பஞ்சில் எடுத்து, அதிலிருக்கும் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். சூடோமோனாஸ் என்று வந்தது. கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தபோது அதைக் கண்ணாடித் தட்டில் வளர்த்திருக்கிறேன். பச்சையாகப் படரும், திராட்சை போல ஓர் இனிப்பு வாடை அடிக்கும். பல மாதமாக என் தலையணையில் அதே வாடை இருந்தும் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். "காது காஞ்சதும் மாத்திரைய நிறுத்திடுவீங்க, மறுபடி ஒழுகுனா மெடிக்கல்ல போயி அதையே வாங்குவீங்க" என்றார். நாம் கடையில் வாங்கிப் போட்ட அமாக்ஸிசிலின் இந்தக் கிருமியை எந்தக் காலத்திலும் தொடாதாம். இப்போது காதைச் சுத்தம் செய்து வேறு சொட்டு மருந்து விடுகிறார்கள், ஊசியும் போட்டார்கள். சீழ் குறைந்திருக்கிறது. ஆனால் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பை அரித்துவிட்டதால் ஜூலையில் ஆபரேஷன். மூளைக்குப் போகாமல் தடுக்கத்தான் அது, காது திரும்பக் கேட்கும் என்று சொல்ல முடியாது என்கிறார். ஒழுகுவது நிற்கும்வரை காது மெஷினும் மாட்டக் கூடாதாம்.

கல்யாணமான புதிதில் காது வலி வந்தால் நீங்கள் உப்பை வறுத்துக் கைக்குட்டையில் முடிந்து ஒத்தடம் கொடுப்பீர்கள். "உப்பு ஊர்ல பொண்ணு கட்டுனா வைத்தியம் இலவசம்" என்று சிரிப்பீர்கள். வலி அடங்கிவிடும். அடங்கியதால்தான் டாக்டரிடம் போகாமல் இருந்தோம். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கே நல்ல வெயில். உப்பளத்தில் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடக்கிறது. கணக்கெடுக்கப் போகும்போது பின்னால் லாரி ஹார்ன் அடித்தாலும் எனக்குக் கேட்பதில்லை. வேலை செய்யும் பெண்கள்தான் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். "யக்கா, லாரிக்கு மாமியாரா நீ? வழியே வுட மாட்டேன்ற" என்று சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

ஞாயிறுதோறும் நீங்கள் பேசுவதைச் சந்தியா என் காதருகே திருப்பிச் சொல்கிறாள். "அப்பா உன்ன பத்திரமா இருக்கச் சொன்னாரும்மா." "உன்னையே நெனச்சிக்கினு இருக்காராம்." இத்தனை வருடம் உங்களோடு வாழ்ந்தவள் நான். இப்படியெல்லாம் நீங்கள் பேசுகிறவர் இல்லை. அளத்துக்குக் கிளம்பும்போது பத்திரம் பத்திரம் என்று எனக்குச் சொல்கிறவள் அவள்தான். நீங்கள் எப்போது என்னை விசாரிப்பதை நிறுத்தினீர்கள் என்று தெரியவில்லை. உங்கள் அன்பு என்று நான் வாங்கி வைத்துக்கொண்டதெல்லாம் பிள்ளை தானாகக் கட்டிச் சொன்னது.

போன ஞாயிறு ரொம்ப நேரம் பேசினீர்கள். அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஆனால் பீரோ கண்ணாடியில் அவள் வாய் தெரிந்தது. காது போன பிறகு வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகியிருக்கிறேன். "நான் சொல்ல மாட்டேன்ப்பா. நீங்களே வந்து சொல்லுங்க." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அப்பா தைரியமா ஆபரேஷன் பண்ணிக்கச் சொன்னாரும்மா" என்றாள். அதுக்கா இவ்வளவு நேரம் என்று கேட்டேன். "நெட்வொர்க் கட் ஆயி கட் ஆயி வந்துச்சும்மா" என்றாள். நம்பியதுபோல் தலையாட்டினேன்.

உங்கள் ரூமில் இருக்கும் அனுமந்தைக்காரன் காசிலிங்கம் லீவில் வந்திருக்கிறான். பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி உங்களைப் பற்றிக் கேட்டேன். ஏதோ மெதுவாகச் சொன்னான். "சத்தமா சொல்லுப்பா, கேக்கல" என்றேன். சுற்றிலும் ஆட்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "அண்ணன் நல்லா இருக்காருக்கா!" என்று கத்திவிட்டுப் போய்விட்டான். இனி என்னிடம் யாரும் எதையும் ரகசியமாகச் சொல்ல முடியாது.

அங்கே உங்களுக்கு வேறு குடும்பம் இருந்தால் எழுதிவிடுங்கள். இனி வரப்போவதில்லை என்றால் அதையும் எழுதுங்கள். நான் கணக்கு எழுதும் உப்பு ஆபீஸ் விலாசத்துக்கே போடுங்கள். அழுவேன், அப்புறம் வேலையைப் பார்ப்பேன். ஆனால் அந்தச் செய்தியைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பாதீர்கள். ப்ளஸ் டூ படிக்கிற பெண். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தாலே அவள் முகம் வெளுத்துவிடுகிறது.

இன்னும் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு பேசும்போது, மனதில் இல்லாவிட்டாலும், அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை அவளிடம் கேளுங்கள். அந்த ஒரு ஞாயிறாவது அவள் பொய் சொல்லாமல் என்னிடம் வந்து சொல்லட்டும்.

நீங்கள் யாரோடு இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

அமுதவல்லி